திரும்பிப் பார்க்கக் கூடாத காட்சி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதுவும் வயது தாண்டிப் போய், என் இடுப்பு உயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தது. எழுத்து கோணும். முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன். பாதி மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு சந்தில், வெளியூர்க்காரர்களுக்கு அறை விடும் வீடு ஒன்றில் நான் பெருக்கித் துடைக்கிறேன். போன மாதம் மாடி அறைக்கு ஒரு பெண் வந்து தங்கியது. காலேஜில் ஆராய்ச்சி செய்கிறதாம். ரைஸ் மில்லில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களைப் பற்றி அந்தக் காலத்தில் ஒருவர் எழுதிய நாவல், அந்தக் கதை எங்கே நிஜமாக நடந்தது, அதைப் படமாக எடுத்தவர்கள் எப்படி எடுத்தார்கள், இதுதான் அதன் ஆராய்ச்சி. முதலில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் வந்ததாம். இப்போது அதே கதையைப் போனில் பார்க்கிற தொடராக எடுத்திருக்கிறார்களாம். நான் அறையைத் துடைக்கும்போது அந்தத் தொடரின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. மில் கதவு திறக்கிறது. கரி பூசிய சிவத்த தோல் நடிகர்கள் வரிசையாக வெளியே நடக்கிறார்கள். நடுவில் ஒருத்தி, இடுப்பில் குழந்தை. பெரிய பாட்டு ஒன்று பின்னால் ஓடுகிறது.

நான் துடைப்பதை நிறுத்திவிட்டதைப் பார்த்து அந்தப் பெண் சொன்னது:

"கதை பூரா நிஜமா நடந்ததும்மா. எழுதினவரு நேர்ல போய்க் கேட்டு எழுதினது. இந்தக் கடைசி மட்டும் சினிமாக்காரங்க சேத்தது. புத்தகத்துல அந்தம்மா உள்ளயே செத்துடுவாங்க. யாரும் வெளிய போகல. எல்லாரும் இதத்தான் குறையா எழுதுறாங்க, நம்பற மாதிரி இல்லன்னு."

"அப்படியாம்மா" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டேன். முழங்கால் வலியில் அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இதில் எழுதுகிறேன்.

ஊருக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு ரைஸ் மில். இப்போது இல்லை, பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். நான் பிறந்தது அங்கேதான். எங்கள் நைனா, அம்மா, நைனாவின் தம்பியான சித்தப்பா, சித்தி எல்லோரும் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து அங்கே மாட்டிக்கொண்டவர்கள். நெல்லை ஊறவைக்க வேண்டும், உமி அடுப்பில் அவிக்க வேண்டும், களத்தில் கொட்டிக் காய வைக்க வேண்டும், காய்ந்ததை அள்ள வேண்டும். மழை வந்தால் சாமத்திலும் எழுந்து அள்ள வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா உட்கார்ந்தபடிதான் தூங்கியிருக்கிறாள்.

மில்லுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கதவைத் தாண்டிப் போனால், அவருடையவர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். நைனா சந்தைக்குப் போனால் அம்மா உள்ளே. கார்த்திகை தீபத்துக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனால் நைனா உள்ளே. சித்திக்குப் பிள்ளை பிறந்தபோது முதலாளி வெள்ளைச் சர்க்கரை கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்தே கடைத்தெருவுக்குப் போகலாம் என்று ஆனது. பிள்ளை தூளியில் இருந்தால் போதும். அதை முதலாளியின் நல்ல குணம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மில்லுக்குத்தான் சினிமா எடுக்க வந்தார்கள், அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது இருக்கும்.

முதலாளிக்குச் சினிமா என்றால் உயிர். இது கெட்ட முதலாளி ஒருவனைப் பற்றிய கதை என்று அவரிடம் சொல்லித்தான் கேட்டார்கள். "அது தெற்கத்திப் பக்கம் நடந்தது. நம்ம மில்லு மாதிரி இல்ல" என்று அவரே எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். நடிக்க ஆள் வேறு எங்கும் தேட வேண்டாம், இருக்கிறவர்களே நடிப்பார்கள் என்று எங்களையும் சேர்த்துக் கொடுத்தார். மெட்ராஸிலிருந்து வந்த அடிமைத் துணிகள் எங்கள் துணிகளைவிட நன்றாக இருந்ததால், டைரக்டர் அவற்றைத் திருப்பிப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்துவிடுகிற காவல்காரன் வேஷம் எங்கள் மேஸ்திரிக்கே கிடைத்தது. நிஜத்திலும் அவர்தான் கதவில் நிற்கிறவர். எல்லோரும் வெளியே போகும்போது அவர் வெட்கப்பட்டுத் தலை குனிந்து நிற்க வேண்டும், போகிறவர்களை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர் விடிந்ததிலிருந்து தலை குனிந்து பழகிக்கொண்டிருந்தார். "மேஸ்திரி, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்று அம்மா சொன்னாள். சிரித்ததே இல்லாத அந்த ஆள் அன்றைக்குச் சிரித்தார்.

கதை எழுதினவரும் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கனத்த மூக்குக் கண்ணாடி, ஓயாத இருமல். குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கும் டைரக்டருக்கும் காலையிலேயே பேச்சு முற்றியது. நான் பக்கத்தில் நின்று வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்படி நடக்கலைங்க. யாரும் வெளிய போகல. நான் கேட்டதும் அதுதான், எழுதினதும் அதுதான்."

"புத்தகத்துல சாகட்டும் சார், நான் வேணாங்கல. டிக்கெட்டு வாங்கினவன் வீட்டுக்குப் போய் சோறு தின்னணுமா இல்லையா?"

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு, ஒன்றும் தெரியாத ஆள் போல.

"சார், அந்தம்மா ஏன் வெளிய போகல?" என்று கேட்டார்.

"புள்ள உள்ள இருந்துச்சுப்பா" என்றார் எழுத்தாளர்.

சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாக ஆட்டினார்.

கடைசிக் காட்சியைத்தான் அன்றைக்கு எடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் மில் கதவிலிருந்து மலையைப் பார்த்து மேற்கே நடக்க வேண்டும். நேர் எதிரே மலை, அதன் பின்னால் சூரியன் இறங்கும். சித்தி இடுப்பில் பிள்ளையோடு முன்னால் போக வேண்டும். டைரக்டர் சித்தியின் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னபோது, "வெயில்ல எதுக்கு சார் பச்சப் புள்ளய? அது உள்ளயே இருக்கட்டும்" என்று முதலாளி தடுத்துவிட்டார். அவ்வளவு இரக்கமாகச் சொன்னதால் டைரக்டருக்கும் மறுக்க முடியவில்லை. ஜீப்பை அனுப்பிக் கோயில் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பொம்மை வாங்கிவரச் செய்தார்.

அந்தப் பொம்மையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ரோஜா நிறத்தில் ரப்பர் உடம்பு, கையும் காலும் மடங்கும். நிமிர்த்திப் பிடித்தால் கண் திறக்கும். படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அதுவரைக்கும் என் கையில் இருந்த பொம்மை, அம்மா கிழிசல் துணியில் முடிந்து கொடுத்ததுதான். ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்க்கட்டுமா என்று சித்தியிடம் கேட்டேன். "சினிமா கம்பெனி சாமான். தொடாத" என்றாள். அன்றைக்குச் சித்தி என்னவோ பருத்துத் தெரிந்தாள். உற்றுப் பார்த்தால், அவளிடம் இருந்த ரெண்டு புடவையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்தாள். சினிமாவில் அழகாகத் தெரிய வேண்டும் என்று கட்டியிருக்கிறாள் என நினைத்தேன்.

முதல் தரம் நடந்தபோது ஒரு வேடிக்கை. நெல் காயப்போடுகிறவர்களுக்குக் களத்தில் நடக்கிற நடை ஒன்று உண்டு. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நெல்லைக் கிளறிக்கொண்டே போக வேண்டும், ஓரம் வந்ததும் திரும்ப வேண்டும். டைரக்டர் நடக்கச் சொன்னார், நாங்கள் நடந்தோம். களத்து ஓரம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் ஒரு பனைமரம் இருந்தது. அங்கே போனதும் யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, காலைத் தேய்த்துக்கொண்டே காமிராவைப் பார்த்து வந்துவிட்டோம்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாய்யா, யாரு திரும்பச் சொன்னது?"

திரும்ப வேண்டும் என்று நாங்களும் நினைக்கவில்லை. கால்தான் திரும்பியது.

அடுத்த தரம் பனைமரத்தைத் தாண்டினோம். ஆனால் சித்தப்பா நடுவழியில் நின்று கழுத்தைத் திருப்பி மில்லைப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் திரும்பினார்கள். மறுபடியும் முதலிலிருந்து. அப்புறமும் அதே இடத்தில் அதே மாதிரி. வெயில் மண்டையைப் பிளந்தது. சூடான மண்ணில் வெறுங்காலோடு போவதும் வருவதுமாக எனக்குக் கால் கெஞ்சியது. கம்பெனிக்காரர்கள் கொடுத்த சாம்பார் சாதமும் செரித்துப் போய்விட்டது. சித்தப்பாவுக்கு இப்படி ஒரு சின்ன விஷயம் ஏன் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நெல்லின் பதத்தை வாசனையிலேயே சொல்கிற ஆள் அவர்.

நடுநடுவே உதவி டைரக்டரிடம் போய், "மணி இன்னா சார்?" என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு எதுக்குய்யா மணி? ஆபீஸ் போறியா?"

"இல்ல சார், சும்மா."

டைரக்டர் கடைசியில் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்ப்பா, திரும்பாம நடக்கறதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்?"

சித்தப்பா குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். "மொதலாளி அங்க நின்னுகினு கீறாரு சார். அவருக்கு முதுகு காட்டி நடந்து பழக்கமில்ல."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. டைரக்டர் அவரிடம் போய், கொஞ்ச நேரம் உள்ளே நிழலில் இருந்தால் காட்சி நன்றாக வரும் என்று கெஞ்சலாகச் சொன்னார். முதலாளி பெருமையோடு உள்ளே போனார்.

அதற்கப்புறமும் ஒரு தரம் கெட்டது. இந்த முறை டைரக்டர் கத்தியே விட்டார். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் கம்பெனிக்கு ஒரு நாள் வீண். அப்போதுதான் சித்தப்பா என்னைக் கை காட்டினார்.

"இந்தப் பொண்ணுதான் சார். இது திரும்புது, அதப் பாத்து நானும் திரும்பறேன். இத உள்ள அனுப்பிடுங்க."

நான் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. சித்தப்பா முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தேன். நைனா குனிந்து காலில் ஏதோ முள் எடுத்துக்கொண்டிருந்தார். யாரோ என் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினார்கள். சினிமாவிலிருந்து என்னைத் துரத்திவிட்டார்கள். அழுதுகொண்டே உள்ளே ஓடினேன். தலை குனிந்து நின்ற மேஸ்திரி என்னையும் பார்க்கவில்லை.

உமிக் கொட்டகையில் அம்மா அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் நடிக்க விடவில்லை, அடுப்பு அணையக் கூடாது என்பதால். சித்தி அதற்குள் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்து, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் விம்மிக்கொண்டே சித்தப்பா செய்ததைச் சொன்னேன். சித்தி எழுந்தாள். துணியில் சுற்றியதை இடுப்பில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். போகிறபோது என் தலைமேல் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"தூளிய ஆட்டு" என்றாள் அம்மா. "தம்பி தூங்கறான். நிறுத்தாம ஆட்டு."

ஆட்டப் போனேன். தூளி லேசாக இருந்தது. விலக்கிப் பார்த்தால், உள்ளே பொம்மை கண் மூடிப் படுத்திருந்தது.

சித்தி அசதியில் மாற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "அம்மா, சித்தி..." என்பதற்குள் உமி ஒட்டிய கையால் என் வாயை அழுத்திப் பொத்தினாள்.

"தம்பி தூங்கறான்" என்று மறுபடி சொன்னாள். "யாரு கேட்டாலும் அதான்."

அம்மாவுக்கும் கண் தெரியவில்லை, அவ்வளவு அலுப்பு என்று எண்ணிக்கொண்டேன். பிறகு இன்னொன்று தோன்றியது. நான் சொன்னால் கம்பெனிக்காரர்கள் வந்து பொம்மையை எடுத்துப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் ஆட்டிக்கொண்டாவது இருக்கலாம். துணிக்குள் கையை விட்டு அதன் ரப்பர் காலைப் பிடித்துக்கொண்டே ஆட்டினேன். அழுகை நின்றுவிட்டது.

அப்போதுதான் முதலாளி தன் ஆபீஸ் அறையிலிருந்து வந்து உட்கார்ந்தார். கொட்டகை வாசலில்தான் அவருடைய இரும்பு நாற்காலி எப்போதும் கிடக்கும். காற்று வரும், அடுப்பும் களமும் ரெண்டும் தெரியும். கம்பெனி கொடுத்த போண்டாத் தட்டு அவர் மடியில் இருந்தது. தூளிக்கும் அவருக்கும் நடுவே ஒரு மூட்டை போடுகிற இடம்கூட இல்லை. அம்மா அடுப்பில் உமியைத் தள்ளினாள், தள்ளினாள், தேவைக்கு ஜாஸ்தியாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். புகை மண்டியது.

"உன்ன ஏன் உள்ள அனுப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"நான் திரும்பிப் பாத்தேனாம்."

"பாக்கத்தானே செய்வ. பொறந்த இடமாச்சே." அவர் சிரித்தார். ஒரு போண்டாவை என்னிடம் நீட்டினார். ஒரு கையால் வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா, புள்ள சத்தமே காணோம்?" என்றார்.

"தூங்கறான்" என்றேன்.

பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. படுக்க வைத்தால் அது கண்ணை மூடித்தானே இருந்தது.

வெளியே டைரக்டர் குரல் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. அவ்வளவு பேர் நடக்கிற இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. பிறகு கைதட்டினார்கள். அதற்கும் பிறகு, ஸ்டேஷன் பக்கம் சாயங்கால ரயில் கூவியது. அம்மா உமி தள்ளுவதை நிறுத்தினாள். அது கூவி முடிகிற வரைக்கும் அப்படியே நின்றிருந்தாள்.

வெளியே நடந்ததை நைனா ரொம்ப வருஷம் கழித்து ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார். அந்தத் தரம் யாருமே திரும்பவில்லை. டைரக்டர் போதும் என்றதும் எல்லோரும் நின்றார்கள், சித்தப்பாவும் சித்தியும் மட்டும் நிற்கவில்லை. உதவி டைரக்டர் கூப்பிட்டுக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடப் பார்த்திருக்கிறார். எழுத்தாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, தன் கண்ணாடியைக் காணவில்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். குடைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில், பைக்குள்ளே என்று அவரைத் தேட வைத்துக்கொண்டே இருந்தாராம். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது என்று நைனா சொன்னார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். நைனா சிரித்து நான் பார்த்தது கம்மி.

மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். நைனாவும் வந்தார். சித்தப்பா எங்கே என்று கேட்டதற்கு, பின்னால் வருகிறார்கள் என்றார். தூளி ஆடிக்கொண்டிருந்ததால் முதலாளி மேலே கேட்கவில்லை. கம்பெனி வண்டிகள் கிளம்ப, அவர் கைகாட்டி அனுப்பி வைத்தார். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கை மரத்துவிட்டது. வெளிச்சம் போய்ச் சிம்னி விளக்கு ஏற்றினார்கள். அப்போதும் பிள்ளை அழவில்லை என்றபோதுதான் முதலாளி எழுந்து வந்து தூளிக்குள் கைவிட்டுத் தூக்கினார்.

தூக்கியதும் பொம்மை கண்ணைத் திறந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவரையே பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. நைனாவுக்கு இடது காது அன்றிலிருந்து கேட்காது என்பதோடு விட்டுவிடுகிறேன். சித்தப்பா வாங்கியிருந்த முன்பணமும் நைனா தலையில் ஏறியது. தலை குனிந்து நின்ற மேஸ்திரிக்கும் வேலை போனது. மறுநாள் கம்பெனி ஜீப் வந்து, விட்டுப்போன சாமான்களோடு பொம்மையையும் எடுத்துக்கொண்டு போனது. நான் தரையில் புரண்டு அழுதேன். சித்தப்பா போனதற்காக அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். சித்தப்பா போனால் போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. செய்யாத தப்பைச் சொல்லி என்னை வெளியேற்றிய மனுஷன்.

அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வந்ததில்லை. செய்தி அனுப்பக் கூடாது என்று நைனாவே சொல்லியிருப்பார். பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலையில் பார்த்ததாக ஒருவர், குண்டக்கல் பக்கம் பார்த்ததாக ஒருவர். பிறகு சட்டம் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், மில்லில் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அடி அண்ணாமலையில் ஒரு குடிசை போட்டோம். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நாங்கள் உள்ளே இருந்ததால்தான் அவர்கள் போக முடிந்தது என்பதை அம்மா கடைசி வரைக்கும் ஒரு பேச்சாகக்கூட எடுத்ததில்லை. சித்தப்பா என்னை ஏன் கை காட்டினார் என்பது, நானே ஒரு பிள்ளையைப் பெற்றுத் தூளியில் போட்டு ஆட்டிய அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்போது அழ நேரமில்லை. அடுத்த நாள் பௌர்ணமி, கிரிவலப் பாதையில் மோர் விற்கப் போக வேண்டியிருந்தது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நான் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். மில்லில் இருந்தபோதே, டென்ட் கொட்டகைக்கு வந்தது. நம்ம மில் சினிமாவில் வருகிறது என்று முதலாளியே எங்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிப் போனார். அடுப்பு தெரிந்தபோது விசிலடித்தார். கடைசிக் காட்சி வருவதற்கு முன்னால் எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போனவர் உள்ளே வரவில்லை. திரையில் எல்லோரும் மலையைப் பார்த்து நடந்தார்கள். முன்னால் சித்தப்பா, சித்தி. சித்தி இடுப்பில் துணிச் சுருட்டு. போகப் போகச் சின்னதாக ஆனார்கள். அம்மா மணலில் முட்டி போட்டு நிமிர்ந்துவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். நான் பொம்மை தெரிகிறதா என்று பார்த்தேன். என் கண்ணுக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது. முந்தானை மூடியிருந்ததால் தெரியவில்லை.

அன்றைக்கு எத்தனையோ தரம் எடுத்தார்கள். படத்தில் எந்தத் தரத்தைச் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் திரும்பாத தரத்தைத்தான் சேர்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஆனாலும் என் நினைப்பை நம்ப முடியாது.

மாடி அறைப் பெண் ஊருக்குக் கிளம்புவதற்குள் இதை அதனிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் பழைய படத்தின் பிரதி எங்கேயும் கிடைக்கவில்லை என்று அது வருத்தப்பட்டது. படிக்கிறவர்களில் யாரிடமாவது இருந்தால், நான் எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பனைமரம் ஒன்றா ரெண்டா, மேஸ்திரி தலையில் துண்டு கட்டியிருந்தாரா, இதெல்லாம் மாறியிருக்கலாம். முக்கியமாக, கடைசியில் சித்தி நடந்து போகும்போது அந்தத் துணிச் சுருட்டைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்துச் சொல்லுங்கள். பொம்மையாக இருந்தால் அப்படியே இருக்கும். பிள்ளையாக இருந்தால் ஒரு தரமாவது கால் உதைத்திருக்கும்.